மனசு சொல்லுது, கேட்கலாமா?

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் எங்கள் நலன்புரிக் குழு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த நேரத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நம்ம பெரியவங்க இரண்டு பழமொழி சொல்லுவாங்க. ஒன்று, ‘பதறாத காரியம் சிதறாது.’ மற்றது, ‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி.’ முதலாவது, பொறுமையாக யோசித்துச் செய் என்கிறது. இரண்டாவது, சுணங்காதே, சூட்டோடு சூடாகச் செய் என்கிறது. இரண்டையும் ஒரே பாட்டிதான் சொல்லியிருப்பார். அப்படியானால் எதைக் கேட்பது? மனசு சொன்னதும் எழும்பிச் செய்வதா? உட்கார்ந்து யோசித்துச் செய்வதா? எந்த இடத்தில் எது சரி என்பதைத்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

முதலில் மனசு சொல்வது என்றால் என்ன என்று பார்ப்போம்.

மலையில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்காவைப் பாருங்கள். கண் பார்க்கும் முன்னே விரல் ரெண்டு இலையையும் மொட்டையும் பிடித்துவிடுகிறது. முத்தின இலையை விரல் தானாகவே தள்ளிவிடுகிறது. “ஏன் இதை எடுத்தீங்க, அதை ஏன் விட்டீங்க?” என்று கேட்டால், “கைக்குத் தெரியும்” என்று சிரிப்பார். ஒவ்வொரு கொழுந்தையும் யோசித்து யோசித்துக் கிள்ளினால் அந்திக்கு அரைப்பேர்தான் விழும்.

ஸ்டோரில் டீமேக்கரும் அப்படித்தான். அரைத்துப் பரப்பின இலை நிறம் மாறும்போது குனிந்து மோந்து பார்த்து, “இப்போ சூட்டுக்குப் போகலாம்” என்கிறார். ஆனால் அதே டீமேக்கர் கடிகாரத்தையும் பார்க்கிறார், வெப்பமானியையும் பார்க்கிறார். மூக்கை நம்புகிறார், அதற்காக அளவைத் தூக்கி எறியவில்லை.

இந்த அக்காவின் கைக்கும் டீமேக்கரின் மூக்கிற்கும் அறிவு எங்கிருந்து வந்தது? வானத்தில் இருந்து வரவில்லை. ஆயிரம் தடவை செய்து வந்தது. பிழையாக எடுத்தால் கொழுந்து நிறுக்கிற இடத்திலேயே கங்காணி சொல்லிவிடுவார். அன்றைக்கே பிழை தெரியும், நாளைக்கே திருத்தலாம். பழகினதும் பிழை திருத்தினதும் சேர்ந்துதான் அப்படி ஒரு கை உண்டாகிறது.

இதைப் பற்றி வெளிநாட்டிலும் ஆராய்ந்திருக்கிறார்கள். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் தீயணைப்பு வீரர்களோடு பழகி, அவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டு, 1998 இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு வீட்டின் குசினியில் தீ. தலைவரும் ஆட்களும் உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார்கள். தீ அடங்கவில்லை. தலைவருக்கு மனசில் என்னவோ சரியில்லை. காரணம் தெரியாது. “எல்லோரும் வெளியே வாங்க!” என்று கத்தினார். வெளியே வந்ததும் அவர்கள் நின்ற தரை அப்படியே கீழே இடிந்து விழுந்தது. தீ உண்மையில் தரைக்குக் கீழேயுள்ள அறையில் எரிந்துகொண்டிருந்தது.

அந்தத் தலைவர் தனக்கு ஏதோ தெய்வசக்தி இருப்பதாகவே நினைத்திருந்தார். விசாரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. குசினித் தீ அடங்க வேண்டிய அளவுக்கு அடங்கவில்லை. சின்னத் தீக்கு இருக்க வேண்டியதைவிட அறை சூடாக இருந்தது. அந்தச் சூட்டுக்கு வரவேண்டிய இரைச்சலும் இல்லை. எத்தனையோ தீயைப் பார்த்துப் பழகின அவருடைய உடம்பு, ‘இது வழக்கமான தீ இல்லை’ என்று அவருடைய புத்திக்கு முன்னே கண்டுபிடித்துவிட்டது.

ஆனால் எல்லா நேரமும் மனசு இப்படிச் சரியாகச் சொல்லுமா? இல்லை என்று சொன்னவர் டானியல் கானமன். இவரும் உளவியல் அறிஞர்தான், 2002 இல் பொருளாதாரத்துக்கான நொபெல் பரிசு பெற்றவர். படித்தவர்களின் மனசுகூட எத்தனை இடத்தில் ஏமாறுகிறது என்று காட்டியவர். கிளைன் ஒரு பக்கம், கானமன் மறுபக்கம். இரண்டு பேரும் பல வருஷம் பேசிப் பார்த்து, 2009 இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: ஒரு விஷயம் ஒரு ஒழுங்கில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். நாமும் அதில் நீண்ட காலம் பழகி, சரியையும் பிழையையும் உடனுக்குடன் கண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மனசு சொல்வதை நம்பலாம். ‘எனக்கு நிச்சயமாத் தெரியும்’ என்று நெஞ்சு சொல்வது மட்டும் போதாது. பழகாத விஷயத்திலும் நெஞ்சு அப்படித்தான் சொல்லும்.

அதனால் எந்த முடிவாக இருந்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள் என்று சொல்கிறோம். முதல் கேள்வி, ‘இந்த விஷயத்தில் என் மனசுக்குப் பழக்கம் இருக்கா?’ இரண்டாவது கேள்வி, ‘என் முடிவு பிழைச்சுப் போனா அதைத் திருத்தலாமா?’

இந்த இரண்டு கேள்வியையும் வைத்துக்கொண்டு நம்ம வாழ்க்கையில் வருகிற நாலைந்து விஷயத்தைப் பார்ப்போம்.

முதலில் மலைச்சரிவு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அங்கே இருந்தவர்கள் புத்தி இல்லாமல் இருந்தார்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. எழும்பிப் போவதற்கு ஒரு காணியும் வீடும் கையில் வேண்டுமே! 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ சூறாவளி கொண்டுவந்த மழையிலும் பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கங்களில் மலைகள் சரிந்தன. ஆகவே இது பழைய கதை இல்லை.

இங்கே மனசு இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, “தாத்தா காலத்தில இருந்து இந்த லயத்திலதான் இருக்கோம், ஒண்ணும் ஆகலையே” என்று சொல்லும். இந்தப் பேச்சை நம்பாதீர்கள். கொழுந்து எடுப்பது தினமும் நடப்பது, அதில் கை பழகும். மலை சரிவது ஒரு ஆயுளில் ஒரு தரம் நடந்தாலே பெரிது. நடக்காத வருஷங்களை எண்ணி மனசு பழகினது வெறும் நிம்மதிதான், அறிவு இல்லை. மற்றது, நடுச்சாமத்தில் மழை கொட்டும்போது, “என்னவோ சரியில்லை, எழும்பிப் போயிருவோம்” என்று சொல்லும். இதைக் கேளுங்கள். உடனே கேளுங்கள். ஏன் தெரியுமா? இரண்டாவது கேள்வியைப் போட்டுப் பாருங்கள். போனது பிழையானால் கோயில் மண்டபத்தில் ஈரப் பாயில் ஒரு ராத்திரி படுத்ததுதான் நட்டம். இருந்தது பிழையானால் அந்தப் பிழையைத் திருத்த ஆளே மிஞ்சாது.

“மூணு தரம் போயிட்டுச் சும்மா திரும்பி வந்தோம், நாலாவது தரம் எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று தரமும் உயிரோடு திரும்பி வந்தீர்களே, அது வீண் அலைச்சலா?

மனசை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம், அளந்தும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றர் என்றாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றாலோ, உடனே வெளியேற வேண்டும். அங்குலத்தில் சொன்னால் ஏறக்குறைய 3, 4, 6. வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள ஒரு பேணியை வெட்டவெளியில் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்தாலே ஓரளவு தெரிந்துவிடும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் போஸ்டும் சாய்வது, திறந்து மூடின கதவு திடீரென்று இறுகுவது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணி திடீரென்று கலங்கி வருவது அல்லது நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பேணி நிறையும் வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117.

ஆகவே இங்கே யோசிக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் யோசிக்கிற நாள் வேறு. எந்தப் பாதையால் போவது, நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எந்தப் பையில் இருப்பது என்று வெயில் நாளில் குடும்பமாக இருந்து பேசி முடிவு செய்யுங்கள். மழை ராத்திரியில் பேச்சு வேண்டாம். வெயிலில் யோசி, மழையில் ஓடு. இதை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் நல்லது.

இரண்டாவது, கடன். இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, “அக்கா, ஒரு கையெழுத்துத்தான், நாளைக்கே காசு” என்று சொல்கிறார்கள். மனசு என்ன சொல்லும்? பிள்ளைக்குச் சப்பாத்து, கூரைக்குத் தகரம், திருவிழாவுக்குப் புதுத்துணி என்று ஒவ்வொன்றாகக் காட்டும். இது ஆசையின் குரல். நம்ம கைக்குக் கொழுந்து பழக்கம், கடன் பத்திரம் பழக்கம் இல்லை. கையெழுத்து வைத்துவிட்டால் ஒரு வருஷத்துக்குத் திருத்தவும் முடியாது. இரண்டு கேள்வியும் ஒரே பதிலைத்தான் சொல்லுது: பொறு, கணக்குப் பார்.

ஒரு எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், வருஷ வட்டி நூற்றுக்கு 24 என்கிறார்கள். முழுத் தொகைக்கும் வட்டி போட்டால் 12,000 ரூபா. மொத்தம் 62,000. 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் யோசியுங்கள். 50,000 ரூபா முழுவதுமாக வருஷம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறதா? கிழமைக்குக் கிழமை கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆறு மாதம் போனதும் பாதிக் கடன்தான் மிச்சம். சராசரியாக உங்களிடம் இருப்பது 25,000 அளவு. அதற்கு 12,000 வட்டி. அதாவது, 24 என்று சொன்ன வட்டி உண்மையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. “வட்டி முழுக் கடனுக்கா, குறைஞ்சு வர்ற மீதிக்கா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குழுக் கடன் என்றால், “மத்தவங்க கட்டாட்டி நான் கட்டணுமா?” என்றும் கேளுங்கள். கேள்வி கேட்டதும் வந்தவருடைய முகம் மாறினால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

மூன்றாவது, வெளிநாட்டு வேலை. வெளிநாடு போய் நல்லபடி உழைத்து வந்து வீடு கட்டினவர்களும் இருக்கிறார்கள். போக வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால், “இன்னைக்கே பாஸ்போட் குடுங்க, நாளைக்கு இடம் போயிரும்” என்று ஒருவர் அவசரப்படுத்தினால் நில்லுங்கள். அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. முகவருக்கு அதன் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே கேட்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பாஸ்போட்டின் பிரதி ஒன்றும் ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முகவர் பேசும்போது ஆசை ஒரு பக்கம் ‘போ’ என்று சொல்லும், வயிற்றுக்குள் ஏதோ ஒன்று ‘சரியில்லையே’ என்றும் சொல்லும். அந்தச் ‘சரியில்லையே’யை அமுக்கி விடாதீர்கள். பணத்துக்கு அவசரப்படும்போது அது சொல்வது நமக்குக் கேட்பதில்லை. ஆசை ‘ஆமா’ என்றால் கணக்குப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். பயம் ‘வேண்டாம்’ என்றால், குறைந்தது அந்த நாளைக்காவது கேட்டு வைக்கலாம். ஒரு நாள் தள்ளிப் போட்டதால் கெட்ட குடும்பம் குறைவு.

நான்காவது, சுகவீனம். பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்த தாய்க்குத் தன் பிள்ளையின் மூச்சும் அழுகையும் பழக்கம். “பிள்ளை வழக்கம் போல இல்லை” என்று தாய் சொன்னால், அது கொழுந்துக் கை மாதிரி, பழகின அறிவு. அதை வீட்டுக்காரரும் மாமியாரும் மதிக்க வேண்டும். “விடிஞ்சதும் பார்ப்போம்” என்று சொல்லாமல் கூட்டிப் போங்கள். ஆனால் பெரியவருக்கு நெஞ்சு இறுகி, வியர்த்து, கை தோள் எல்லாம் நோகும்போது, “வாயுதான், வெந்நீர் குடிச்சா சரியாயிரும்” என்று மனசு சொன்னால் அதைக் கேட்காதீர்கள். அது அறிவு இல்லை, பயத்தை மறைக்கிற சமாதானம். வைத்தியசாலைக்குப் போய் வாயு என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டு திரும்பலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. வண்டி லயம் வரைக்கும் ஏற முடியாத தோட்டமாக இருந்தால், எந்த முடக்கு வரை தூக்கிக்கொண்டு வருவது என்பதையும் வெயில் நாளிலேயே முடிவு செய்து வையுங்கள்.

ஐந்தாவது, பிள்ளையின் படிப்பு. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னாலேயே, “கொழும்பில கடைக்கு ஆள் கேக்குறாங்க” என்று ஒருவர் வருகிறார். வீட்டில் கஷ்டம். பிள்ளைக்கும் படிப்பில் மனசு இல்லை. அந்த மாதச் சம்பளம் கண் முன்னே நிற்கும், பரீட்சையின் பலன் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிறதையே மனசு பெரிதாகக் காட்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது 2021 இல் திருத்திய சட்டப்படி குற்றம், அது முதல் விஷயம். அதற்கு மேற்பட்ட வயதானாலும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குப் போகலாம், அது எப்போதும் முடியும். விட்டுவிட்டுப் போன பிள்ளை திரும்பி வந்து வகுப்பில் உட்காருவது அவ்வளவு சுலபம் இல்லை. எது திருத்தக்கூடிய வழியோ அதை முதலில் எடுங்கள்.

சரி, யோசிக்கிறது என்றால் எப்படி? தலையில் கை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க முழிப்பது யோசனை இல்லை, அது கவலை. யோசனைக்கு நாலு படி சொல்கிறோம்.

ஒன்று, பிள்ளையின் கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் வரவும் நன்மையும், மறு பக்கம் செலவும் நட்டமும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும்.

இரண்டு, ஒரு ராத்திரி தூங்கி எழும்புங்கள். விடிந்த பிறகும் அதே முடிவு சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்று, இதில் ஒரு சதமும் லாபம் இல்லாத ஒருவரிடம் கேளுங்கள். ஆசிரியராகவோ, கிராம உத்தியோகத்தராகவோ, நாலு எழுத்துப் படித்த பக்கத்துக் காம்பராப் பிள்ளையாகவோ இருக்கலாம். தரகுக்காசு வாங்குகிறவரிடம் யோசனை கேட்காதீர்கள்.

நான்கு, வீட்டுப் பெண்களை உட்கார வைத்துக் கேளுங்கள். கிழமைக் கடனைக் கட்டப் போவது பெரும்பாலும் அந்தக் கொழுந்துக் கைதான். கட்டுகிற கைக்குச் சொல்ல வாய் வேண்டாமா?

இதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. யோசிக்கிறோம் யோசிக்கிறோம் என்று தள்ளிக்கொண்டே போவதும் ஒரு முடிவுதான், பல நேரம் கெட்ட முடிவு. மார்பில் ஒரு கட்டி தெரிந்து, ‘அடுத்த மாசம் பார்ப்போம்’ என்று தள்ளிப் போடுவது யோசனை இல்லை, பயம். அடுத்த நாளே மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள். ஆகவே யோசனைக்கு ஒரு நாள் குறியுங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயுமுன் முடிவு’ என்றால் அன்றைக்கு முடிவு. அதுக்குப் பிறகு ஆறின கஞ்சிதான்.

இப்போது அந்த இரண்டு பழமொழியும் சண்டை போடவில்லை என்பது விளங்கியிருக்கும். உயிருக்கு ஆபத்து என்று மனசு அடித்துக்கொண்டால் ஆறின கஞ்சி ஆகவிடாதே. கையெழுத்துக் கேட்டுப் பேப்பரை நீட்டினால் பதறாதே. அந்தப் பாட்டி இரண்டையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், சொன்ன இடம்தான் வேறு.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு குடும்பமாக உட்கார்ந்து, மழை ராத்திரியில் எங்கே போவது, யார் யாரைத் தூக்குவது என்று மட்டும் பேசி முடியுங்கள். பத்து நிமிஷம் போதும். வானம் வெளித்திருக்கிற இந்த நாளே அதற்கு நல்ல நாள்.